சணல் சுற்றிய இணைப்பு

நாரணாபுரம்,
12–2–1961

அன்புள்ள மச்சானுக்கு செல்வமணி எழுதிக்கிறது. ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில இங்க நானும் உங்க தங்கச்சி கனகமணியும் பிள்ளைக ரெண்டும் சுகம். பெங்களூர்க் குளிர் ஒத்துக்கிடுதா? மூட்டு வலி எப்படி இருக்கு?

விசயத்துக்கு வாறேன். நம்ம வெடிக் கம்பெனியில காகிதம் அடுக்குற கிட்டங்கில ஏரோப்பிளேன் ஒண்ணு செய்யிறோம். சிரிக்காதீக. காலேஜ் படிக்கையில மெட்ராஸ்ல கிளப்புல சேந்து பறக்கிற லைசென்ஸ் எடுத்தேனே, அது சும்மாதான கெடக்கு. போன சீசன்ல எல்லாக் கம்பெனிக்காரனும் காலண்டர் குடுத்தான். எவன் வீட்டுச் சொவத்துல எவன் காலண்டர் தொங்குதுன்னு யாருக்குத் தெரியும்? இந்தத் தீபாவளிக்கு நான் வானத்துல இருந்து நோட்டீஸ் போடப் போறேன். வரைபடம் வெளிநாட்டுல இருந்து தபால்ல வந்தது. எஞ்சின், யுத்தகாலத்துச் சாமான் ஏலத்துல கோயமுத்தூர்ல எடுத்தது. மத்தபடி மரம், துணி, பசை. இந்த மூணுக்கும் சிவகாசிக்காரன் வெளியூர் போகணுமா? முன்னால ஒரு சீட்டு, பின்னால ஒரு சீட்டு. மெட்ராஸ் அனுமதியும் வாங்கியாச்சு.

ஒரே ஒரு இடைஞ்சல். வாலைத் தூக்கி முக்காலி மேல வச்சு ஓட்டினா எஞ்சின் நல்லா உறுமுது. வாலை எறக்கி மூக்கு நிமிந்து நின்னா, கொஞ்ச நேரத்துல இருமிட்டு நின்னு போகுது. உக்கிரபாண்டியத் தெரியுமில்ல? பதினஞ்சு வருசமா நம்மகிட்ட வெடி சுத்துற ஆளு, இப்ப ஏரோப்பிளேன் மேஸ்திரி. "மொதலாளி, சீக்குக் கோழி மாதிரியில்ல தலையத் தொங்கப் போடுது"ங்கான். நீங்க அந்தத் தொழில்லயே இருக்கிறவுக. என்ன பண்ணலாம்னு எழுதுங்க.

இப்படிக்கு,
மாப்பிள்ளை செல்வமணி

*

பெங்களூர்,
1–3–1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன். மூட்டு வலியும் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்தேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானப் பட்டறையின் கருவிப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். விமானத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் சிரிப்பு வருவதில்லை.

உங்கள் பெட்ரோல் தொட்டி எஞ்சினைவிடத் தாழ்வாக இருக்கிறது. பெட்ரோல் தானாக மேலே ஏறாது. பம்புதான் தள்ள வேண்டும். மூக்கு நிமிர்ந்தால் பம்புக்கு வேலை கூடும். உங்கள் பம்புக்கு அந்தப் பலம் இல்லை. உள்ளே இருக்கும் சவ்வை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. ஆயிரம் அடி உயரத்தில் பம்பு தளர்ந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் நின்ற பிறகு தெரியும். அதற்கு முன்பே தெரிய வேண்டுமானால், பெட்ரோல் என்ன அழுத்தத்தில் போகிறது என்று காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று உங்கள் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். பட்டறையில் கழித்துப்போட்ட ஒன்றை எழுதிக் கேட்டு வாங்கி, சரிபார்த்து அனுப்புகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து என்னிடம் ஒரு விஷயம் கேட்டு வந்த கடிதம் இதுதான் முதல். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் உங்கள் தகப்பனாரும் என் தகப்பனாரும் போதகர் ஐயரவர்கள் முன்பாகப் பெண் மாற்றிக்கொள்வது என்று பேசினார்கள். என் தங்கை உங்கள் வீட்டுக்கு வந்தாள். உங்கள் அக்காள் இசபெல் என் வீட்டுக்கு வருவதாக இருந்தது. உங்கள் கல்யாணம் முடிந்த மறு மாதம் அவள் பாளையங்கோட்டை டாக்டர் வீட்டுக்குப் போனாள். உங்கள் கல்யாணத்தன்று கோயிலில் பெஞ்சு தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். இதை நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கனகமணிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
வேதமாணிக்கம்

*

நாரணாபுரம்,
26–3–1961

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாருக்கும் சுகம். சின்னவளுக்கு அம்மை வந்து எறங்கியிருச்சு. உங்க சுகத்துக்கு எழுதுங்க.

கேஜ் பார்சல் நேத்து வந்தது. கண்ணாடியும் முள்ளும் எம்புட்டு அழகா இருக்கு! மேசை மேல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க தங்கச்சி "என்னைக் கூட இப்படிப் பாத்ததில்ல"ங்கா.

பம்பு சவ்வு மாத்தியாச்சு. இப்ப மூக்கு நிமிந்தாலும் நிக்கல. கேஜை எங்கன வைக்கணும், எப்படி மாட்டணும்னு வெவரமா எழுதுங்க.

பழசெல்லாம் எதுக்கு மச்சான். அப்பாவும் போய்ச் சேந்துட்டாக. அக்காளுக்குப் பிள்ளைக மூணு ஆச்சு. நீங்களும் ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டியிருக்கலாம். உங்களுக்கு யாரு பொண்ணு குடுக்க மாட்டேன்னா?

இப்படிக்கு,
செல்வமணி

*

பெங்களூர்,
11–4–1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். சின்னவளுக்குச் சூடு தணிய இளநீர் கொடுங்கள்.

கேட்டதற்கு எழுதுகிறேன். எஞ்சின் பக்கம் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள குழாயிலிருந்து ஒரு கிளை எடுக்க வேண்டும். அந்தக் கிளையின் வாயில் ஊசித் துளை அளவே திறப்புள்ள பித்தளை அடைப்பு ஒன்றை வையுங்கள். கேஜுக்கு அழுத்தம் மட்டும் போனால் போதும், பெட்ரோல் பாய வேண்டியதில்லை. அங்கிருந்து மெல்லிய செம்புக் குழாய். எஞ்சின் அதிரும். நேராக இழுத்துக் கட்டினால் குழாய் விண்டுபோகும். ஆகவே நடுவில் ஒரு வளையம் சுற்றி விடுங்கள். குழாய் உங்கள் கால் மாட்டின் வழியாக வந்து பலகையின் பின்னால் கேஜில் சேரும். அங்கே இருக்கும் நட்டை முழு முறுக்கு முறுக்க வேண்டும். அந்த இடம் உங்கள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் செய்தபடியே எழுதுங்கள். நான் பார்த்துச் சரி என்று எழுதும்வரை மேலே போக வேண்டாம்.

பெண் பார்ப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி.

இப்படிக்கு,
வேதமாணிக்கம்

*

நாரணாபுரம்,
18–6–1961

அன்புள்ள மச்சானுக்கு ஸ்தோத்திரம்.

நாங்க சுகம். உங்க மூட்டு வலிக்குப் பழைய தைலம் ஒரு பாட்டில் கனகமணி அனுப்பியிருக்கா. தேச்சீகளா?

எழுத நாளாயிருச்சு. லோடு ஏத்துற வேலை. ஆனா கேஜ் மாட்டியாச்சு! ஊசித் துளை அடைப்பு வச்சாச்சு. வளையம் ஒண்ணு கேட்டீக, ரெண்டு சுத்தியிருக்கோம். எஞ்சினை ஓட்டினா முள்ளு மூணுல வந்து நிக்கிது.

நட்டுலதான் கொஞ்சம் ரோதனை. இரும்பு ஸ்பானர் நம்ம கம்பெனி கேட்டுக்குள்ள வராதுன்னு உங்களுக்குத் தெரியும். கிட்டங்கியும் காம்பவுண்டுக்குள்ளதான இருக்கு. அப்பா காலத்துச் சட்டம். இரும்பும் இரும்பும் ஒரசி ஒரு பொறி வந்தா அம்புட்டுப் பேரும் காலி. அதனால பித்தளையில ஸ்பானர் வார்த்தோம். பித்தளை மெத்துன்னு இருக்கா, கடைசி முறுக்குல வாய் விரிஞ்சு போச்சு. நட்டு ஒக்காரல. லேசாக் கசிஞ்சது. நான் தலையில கைய வச்சுட்டேன். உக்கிரபாண்டி குனிஞ்சு பாத்தான். "இம்புட்டுத்தானா மொதலாளி?"ன்னான். அணுகுண்டு வெடிக்குச் சுத்துற சணலை எடுத்தான். நட்டு மேல இறுக்கிச் சுத்திப் பசை தடவிக் காய வச்சு, அதுக்கு மேல மறுபடி சுத்தி, வார்னிஷ் அடிச்சு விட்டுட்டான். பாத்தா நம்ம சரக்கு மாதிரியே இருக்கு, லேபிள் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. இப்பச் சொட்டு இல்ல.

சணல் சுத்தினது சரிதான மச்சான்? நீங்க சரின்னு எழுதினாத்தான் மேல போவேன். கனகமணிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.

செப்டம்பர் 23 சனிக்கிழமை ஏரோப்பிளேன் பறக்கிற விழா வச்சிருக்கு. ஆமத்தூர்க் கண்மாய்லதான். அப்பவும் காஞ்சுதான் கெடக்கும், தரை சிமிண்டு மாதிரி இருக்கும். இசபெல் அக்காளும் டாக்டர் அத்தானும் வாறாக. டாக்டர் அத்தான்தான் கொடி அசைச்சுத் தொடங்கி வைக்கிறாக. நோட்டீஸ்ல அவுக பேரு போட்டாச்சு. லீவு கெடச்சா நீங்களும் வாங்க.

இப்படிக்கு,
செல்வமணி

*

பெங்களூர்,
5–7–1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். தைலம் வந்தது. தேய்க்கிறேன்.

கேஜ் மூன்று காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று சரியான அளவு. இரண்டுக்குக் கீழே போனால் தாமதிக்காமல் இறங்கிவிடுங்கள். ஊசித் துளை அடைப்பு வைத்தது நல்லது. வளையம் இரண்டாக இருப்பதில் குற்றமில்லை. முள்ளின் மேல் வெயில் பட்டுக் கண் கூசாமல் ஒரு சிறு மறைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் அவர்கள் கொடி அசைப்பது பொருத்தமே. படித்தவர். எனக்கு லீவு இல்லை.

மற்றபடி எழுத எதுவும் இல்லை.

இப்படிக்கு,
வேதமாணிக்கம்

*

நாரணாபுரம்,
8–8–1961
(கார்டு)

மச்சான்! நேத்து மேல போயிட்டேன். தனியாத்தான். கண்மாயை ரெண்டு சுத்து. தாயில்பட்டிப் பக்கம் வெடி காயப்போட்டிருந்தது சேலை விரிச்ச மாதிரி தெரிஞ்சது. முள்ளு மூணுல இருந்து அசையல. எறங்கினதும் உக்கிரபாண்டி ஓடியாந்து "மொதலாளி, உசுரோடதான் இருக்கீகளா?"ன்னு காலைத் தொட்டுப் பாக்கான். நீங்க மூணு சரின்னு எழுதினீகள்ல, அந்தத் தைரியம்தான். எல்லாரும் சுகம். பதில் போடுங்க. – செல்வமணி

*

பெங்களூர்,
28–8–1961

அன்புள்ள தங்கை கனகமணிக்கு அண்ணன் எழுதுவது.

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பள்ளிக்கூடத்தில் புதுத் தலைமையாசிரியை எப்படி? என் உடம்புக்குக் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழுகிறேன், பட்டறைக்குப் போகிறேன், வருகிறேன். மாப்பிள்ளையின் கார்டு வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

பட்டறையில் இந்த வருடமும் எனக்கு மேற்பார்வையாளர் பதவி தரவில்லை. காரணம் பழையதுதான். போன வருடம் பயிற்சி விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே உள்ளே தீப்பிடித்தது. ஓட்டிப் பழகிய பையனுக்கு இரண்டு காலும் வெந்து போயின. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். பெட்ரோல் குழாயின் இணைப்பில் கசிவை நிறுத்த எவனோ நூல் சுற்றியிருந்தான். நூல் முதலில் கசிவை நிறுத்தும். பிறகு குடிக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உள்ளே விளக்குத் திரி மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் சுவிட்சில் ஒரு பொறி போதும். இதை நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி தன் பெயரில் அனுப்பினார். அவருக்குப் பாராட்டு வந்தது. அதற்குப் பிறகு பட்டறையில் குழாய்ப் பக்கம் நூலோ சணலோ யாரும் கொண்டுபோவதில்லை. யாரால் அந்த வழக்கம் நின்றது என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. மாப்பிள்ளையிடம் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அண்ணன்,
வேதமாணிக்கம்

*

நாரணாபுரம்,
14–9–1961

அன்புள்ள அண்ணனுக்குக் கனகமணி எழுதுவது. ஸ்தோத்திரம்.

இங்கே யாவரும் சுகம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உழைப்பது ஒருவர், பெயர் வாங்குவது ஒருவர் என்று இருப்பது உங்களுக்கு மட்டும் ஏன் நடக்கிறதோ. மனதை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்களுக்காக ஜெபித்தேன். நீங்கள் சொன்னபடி உங்கள் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டவில்லை.

அவர்கள் தரையில் நடப்பதே இல்லை. ஆகஸ்ட் ஏழில் ஒரு முறை, இருபத்தொன்றில் ஒரு முறை, இந்த மாதம் பதினொன்றில் ஒரு முறை, மூன்று தடவை தனியாகப் பறந்துவிட்டார்கள். மூன்றாம் தடவை இறங்கி வந்தபோது சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. கேட்டால், "ஏரோப்பிளேன்ல மல்லியப்பூ வாடையா அடிக்கும்?" என்கிறார்கள். மச்சானுக்கு என்ன கோபம், கார்டுக்குப் பதில் இல்லையே என்று நாலு தடவை கேட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு ஒரு சேதி. சிரிக்கக் கூடாது. விழாவன்று நோட்டீஸ் வீசப் பின்சீட்டில் ஓர் ஆள் வேண்டும். கனமில்லாத ஆளாக இருக்க வேண்டும். கம்பெனியில் எல்லோரையும் தராசில் நிறுத்திப் பார்த்தார்கள். என்னைவிட லேசான பெரிய ஆள் யாரும் இல்லை. "ஒரு மூட்டை உப்பு கூட ஒன்னைவிடக் கனம்டீ" என்று கேலி. முதலில் மாட்டேன் என்றேன். பிறகு சரி என்றேன். வகுப்புப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். "டீச்சர், மேல இருந்து எங்களுக்குக் கை காட்டுவீகளா?" என்கிறார்கள். பள்ளிக்கூட மாடியைத் தாண்டி நான் உயரம் பார்த்ததில்லை. பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. 23ஆம் தேதி காலை எனக்காக ஒரு நிமிஷம் ஜெபியுங்கள்.

உங்கள் தங்கை,
கனகமணி

*

தந்தி
பெங்களூர், 18–9–1961
பெறுநர்: செல்வமணி, நாரணாபுரம், சிவகாசி

கனகமணி ஏற வேண்டாம். சணல் சுற்று ஆபத்து. உடனே பிரித்துப் பார்க்கவும். வேதமாணிக்கம்.

*

நாரணாபுரம்,
25–9–1961

என் உயிர் மச்சானுக்கு,

உயிர்னு எழுதினது சும்மா இல்ல. நானும் கனகமணியும் உயிரோட சுகமா இருக்கோம்னா அது நீங்க போட்ட பிச்சை.

தந்தி வந்ததும் உக்கிரபாண்டியக் கூப்பிட்டேன். "நான் சுத்தின சுத்து அவுந்ததா சரித்திரமே கெடையாது மொதலாளி"ன்னு மொணங்கிக்கிட்டே வந்தான். வெளிய வார்னிஷ் கல்லு மாதிரி காஞ்சு கெடக்கு. கத்தியப் போட்டு அறுத்தா, உள்ள பூரா பெட்ரோல் ஊறி நிக்கிது மச்சான். கையில எடுத்துப் பிழிஞ்சா ஒழுகுது. அதுக்கு ஒரு சாண் தள்ளி எஞ்சின் சுவிட்சு. உக்கிரபாண்டி அப்படியே தரையில உக்காந்துட்டான். "மொதலாளி, நான் திரியில்ல கட்டி விட்டிருக்கேன்! வெடிக்குத் திரி வைக்கிற கையி ஒங்களுக்கும் வச்சிருச்சே"ன்னு அழுகுறான். ரெண்டு நாளா வேலைக்கு வரல. நான் போய்க் கூட்டியாந்தேன்.

ஏரோப்பிளேனைத் தள்ளிக் காம்பவுண்டுக்கு வெளிய கொண்டுபோய், இரும்பு ஸ்பானர் வச்சு நட்டை முழு முறுக்கு ஏத்தினோம். ஆனா சனிக்கிழமை பறக்கல. கனகமணி வேண்டாம்னுட்டா. கூட்டம் கேலி பண்ணிச்சு. "ஏலே, செல்வமணி றெக்கை மொளைச்ச கட்டவண்டி செஞ்சிருக்கான்லே"ன்னு ஒருத்தன் கத்துறான். பண்ணட்டும். நான் மைக்கப் பிடிச்சு உங்க பேரைச் சொன்னேன். பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு எங்க மச்சான் எங்க ரெண்டு பேர் உசுரையும் காப்பாத்தினாகன்னு சொன்னேன். கை தட்டினாக. இசபெல் அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டா. டாக்டர் அத்தான், "டாக்டருக்குப் படிச்ச எனக்குப் பக்கத்துல இருக்கிற சீக்கே தெரிய மாட்டேங்கு, அவரு முந்நூறு மைலுக்கு அங்கிட்டு இருந்து கண்டுபிடிச்சிட்டாரே"ங்காக.

எப்படி மச்சான் திடீர்னு தோணிச்சு? ஆண்டவர்தான் உங்க காதுல வந்து சொல்லியிருக்கணும். போதகர் ஐயா இதைப் பிரசங்கத்துல சொல்லப் போறாராம்.

கிறிஸ்துமசுக்குக் கண்டிப்பா வாங்க. வராம இருந்தா நான் வந்து தூக்கிட்டு வருவேன்.

உங்கள்,
செல்வமணி

*

நாரணாபுரம்,
4–10–1961

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை சணல் சுற்றிய விஷயம் தந்தி வந்த அன்றுதான் எனக்குத் தெரியும். கிட்டங்கிப் பக்கம் நான் போவதில்லை. நூல் குடிக்கும் என்று நீங்கள் எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் படித்தேன். பிறகு உங்கள் மாப்பிள்ளையிடம், உங்களிடமிருந்து வந்த கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தேன். சணல் சுற்றினோம், சரியா என்று ஜூன் மாதமே கேட்டு எழுதியதாக அவர்கள் சொன்னார்கள். ஜூலை ஐந்தில் நீங்கள் சணல் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். முள்ளின் மேல் வெயில் படாமல் மறைப்பு வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் ஏழு. ஆகஸ்ட் இருபத்தொன்று. செப்டம்பர் பதினொன்று. மூன்று தடவை அவர்கள் அந்தச் சணலுக்கு முன்னால் உட்கார்ந்து போய் வந்தார்கள். முதல் தடவை போனது உங்களுக்குத் தெரியும், கார்டு வந்தது. நான் ஏறுகிறேன் என்று பதினான்காம் தேதி எழுதினேன். பதினெட்டாம் தேதி தந்தி வந்தது. அதில் முதலில் என் பெயர் இருந்தது.

உங்கள் தங்கை சாகக் கூடாது. உங்கள் தங்கை தாலியைக் கழற்றலாம். என் பிள்ளைகள் அப்பா இல்லாமல் வளரலாம். இவ்வளவுதானே அண்ணன் நீங்கள் யோசித்தது? இல்லை, யோசிக்கவே இல்லையா?

அக்காள் இசபெல்லை உங்களுக்குத் தராதது அநியாயம்தான். அன்றைக்கே நான் என் மாமனாரிடம் கேட்டேன். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். இது உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லி ஆகப்போவது என்ன என்று சொல்லவில்லை. அப்போது உங்கள் மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. அவர்கள் அப்பா முன்னால் நின்று பேசத் தெரியாத வயது. அதற்குத் தண்டனை இதுவா?

நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பினால் அதற்குப் பிறகு யாரையும் நம்ப மாட்டார்கள். ஊரெல்லாம் மச்சான் உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லித் திரிகிறார்கள். கடைக்காரர், தபால்காரர், லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர் யாரையும் விடுவதில்லை. கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு வாருங்கள். லீவு இல்லை என்று எழுதாதீர்கள். வராமல் இருந்தால் அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். ஸ்டேஷனிலேயே கட்டிப்பிடிப்பார்கள். நிற்க வேண்டும். பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். என் சின்ன மகள் உங்கள் மடியில் வந்து உட்காருவாள். அவளுக்கும் அந்தக் கதைதான் தெரியும். நான் சோறு போடுவேன். குழம்பு ஊற்றுவேன். பேச மாட்டேன்.

அடுத்த வருடமும் வர வேண்டும். அதற்கு அடுத்த வருடமும். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

கனகமணி

*

பெங்களூர்,
29–11–1961

அன்புள்ள கனகமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது.

நீ எழுதிய தேதிகள் எல்லாம் சரி.

டிசம்பர் 23ஆம் தேதி காலை ரயிலில் விருதுநகர் வந்து சேருகிறேன். மாப்பிள்ளைக்குத் தனியே எழுதிவிட்டேன். ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் வேண்டாம் என்று எழுதவில்லை.

அண்ணன்,
வேதமாணிக்கம்